பெயர் கேட்காத வாசலும் நாம் எழுதாத விண்ணப்பமும்

பாரிஸ் லாச்சப்பலில் மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் கார் து நோர் நிலையம் வந்துவிடும். அங்கே விரைவு ரயில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பிரஸ்ஸல்ஸ். இலண்டனில் இருந்து வருபவர்களுக்கு இரண்டு மணித்தியாலம். நகர நடுவிலிருந்து 71 ஆம் இலக்கப் பேருந்து பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் சொல்பொஷ் வளாகத்துக்குப் போகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக் கடைசியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ வரும் ஒரு சனி, ஞாயிறில் அந்தப் பேருந்தில் நிற்கவும் இடமிருக்காது. ஃபொஸ்டெம் என்ற திறந்த மூல மென்பொருள் மாநாட்டுக்குப் போகிறவர்கள்தான் அத்தனை பேரும். 8,000 பேருக்கு மேல் வருவதாக அதை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். சரியான எண்ணிக்கையைச் சொல்ல அவர்களாலும் முடியாது, ஏனென்றால் அந்த வாசலில் யாரும் எண்ணுவதில்லை. நுழைவுச் சீட்டு இல்லை, கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, கழுத்தில் தொங்கும் அட்டையும் இல்லை. உள்ளே போகிறவரிடம் பெயர் என்ன, எந்த நாடு, என்ன விசா என்று கேட்க ஒருவரும் நிற்பதில்லை.

எம்மவர்களுக்கு இது கொஞ்சம் நம்பக் கடினமான வாசல். நாம் ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல்கள் எதுவும் இப்படி இருக்கவில்லை.

2026 ஆம் ஆண்டு ஃபொஸ்டெமுக்குக் குறிக்கப்பட்ட நாட்கள் ஜனவரி 31, பெப்ரவரி 1. அங்கே பேச விரும்புபவர்கள் தமது உரைக்கான முன்மொழிவை அனுப்பலாம் என்ற அழைப்புகள் இலையுதிர்காலத்தில் ஒவ்வொன்றாக வரும். வழக்கமாகப் பெரும்பாலான அறைகளுக்கு நவம்பர் கடைசி வரை நேரம் இருக்கும். டிசம்பர் நடுவில் நிகழ்ச்சிநிரல் வெளியாகிவிடும். இலண்டன், பாரிஸ், டோர்ட்முண்ட், சூரிச், ஒஸ்லோ என்று எமது வீடுகளில் கணினித்துறையில் வேலை செய்யும் பிள்ளை இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் "இந்த முறை ஓர் உரைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்" என்று சொன்ன பிள்ளையை எமது வட்டத்தில் கண்டது மிகக் குறைவு. இது ஏன், இதனால் எமக்கு நட்டம் உண்டா என்பதுதான் இங்கே பார்க்க விரும்புவது.

முதலில் அது என்ன இடம் என்பதைச் சொல்லிவிடுவோம். திறந்த மூல மென்பொருள் என்பது எழுதியவர் தன் நிரலை யாரும் பார்க்க, திருத்த, பகிர அனுமதித்து வெளியிடும் மென்பொருள். ஃபயர்பொக்ஸ் உலாவி, லிப்ரே ஒபிஸ், லினக்ஸ் எல்லாம் அந்த வகை. கையில் இருக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசியின் அடியிலும் லினக்ஸ்தான். இதை எழுதுபவர்களும் பயன்படுத்துபவர்களும் நேரில் சந்திக்க 2001 இல் தொடங்கிய கூட்டம்தான் ஃபொஸ்டெம். நடத்துபவர்கள் எல்லோரும் தொண்டர்கள். பேசுபவருக்குப் பணம் கொடுப்பதில்லை. பெரிய மண்டபத்தில் நடக்கும் முதன்மை உரைகள் ஒரு பக்கம் இருக்க, பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அறை ஒதுக்கப்படுகிறது. தரவுத்தளத்துக்கு ஓர் அறை, பைதனுக்கு ஓர் அறை, மொழிபெயர்ப்புக்கென்றே ஓர் அறை இருந்த ஆண்டுகளும் உண்டு. ஒவ்வோர் அறையையும் அந்தத் துறைக்காரர் சிலர் பொறுப்பெடுத்துத் தாமே முன்மொழிவு கேட்டு, தாமே தெரிவு செய்கிறார்கள். அறை நிறைந்தால் கதவில் "நிரம்பிவிட்டது" என்று ஒரு தாள் ஒட்டப்படும். வெளியே குளிரில் உருளைக்கிழங்குப் பொரியல் விற்கும் வண்டிக்கு முன்னால் வரிசை நீளும். பகட்டு ஒன்றும் இல்லாத இடம். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனால் வழிதவறி வந்தவர் என்றுதான் நினைப்பார்கள்.

எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு புதிதல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2005 இல் தொடங்கிய "நூலகம்" எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் வேலையை இன்றுவரை செய்கிறது. அது நிற்பது மீடியாவிக்கி என்ற மென்பொருளின் மேல். விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்டு உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்ட அதே மென்பொருள்தான். தமிழ் விக்கிப்பீடியாவை 2003 இல் தொடக்கி வளர்த்த இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை செய்துகொண்டு அதைச் செய்தவர். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை ஒருங்கிணைத்த கு. கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தின் லொசானில் இருந்தவர். எமது எழுத்தின் எண்ணிம வாழ்வில் பெரும் பகுதி, முகம் தெரியாத யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த நிரலின் மேல், ஊரை விட்டு வெளியே இருந்தவர்கள் இரவில் கண் விழித்துக் கட்டியது. இத்தனை காலமும் நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த மேடையில் ஏறி எமக்கு எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று சொல்லியது குறைவு.

அப்படிச் சொல்வதால் ஏதும் மாறுமா? அண்மைய உதாரணம் ஒன்று. 2022 செப்டெம்பரில் ஐரோப்பிய ஆணையம் இணையப் பாதுகாப்பு மீள்திறன் சட்டம் என்ற ஒன்றை முன்மொழிந்தது. விற்கப்படும் மென்பொருள்களின் பாதுகாப்புக்கு அவற்றைத் தயாரிப்பவரைப் பொறுப்பாக்கும் சட்டம். நல்ல நோக்கம்தான். ஆனால் ஓய்வு நேரத்தில் நிரல் எழுதி இலவசமாகக் கொடுக்கும் தொண்டர்களும் அதற்குள் அகப்பட்டுவிடுவார்கள் என்ற பயம் எழுந்தது. 2023 பெப்ரவரியில் ஆணையத்தின் அதிகாரிகள் ஃபொஸ்டெமுக்கே வந்து, நிரல் எழுதுபவர்கள் நிறைந்த மண்டபத்தில் சட்டத்தை விளக்கி, கேள்விகளுக்கு முகம் கொடுத்தார்கள். 2024 இல் நிறைவேறிய சட்டத்தில் வணிக நோக்கம் இல்லாத திறந்த மூல வேலைக்கு விலக்கும், அதைப் பேணும் அமைப்புகளுக்குத் தனியான, இலகுவான வகுப்பும் இருக்கின்றன. ஒரு கூட்டத்தால் மட்டும் இது நடந்தது என்று சொல்லமாட்டோம், பல பக்கத்திலிருந்தும் அழுத்தம் இருந்தது. ஆயினும் சட்டம் எழுதுபவர் தேடி வரும் இடமாக அந்த வகுப்பறைகள் ஆகிவிட்டன. அங்கே யார் குரல் கேட்கிறதோ அவருடைய சிக்கல்தான் சிக்கலாகக் கணக்கில் வரும்.

எமது சிக்கல்கள் என்ன? சின்னதில் இருந்து தொடங்குவோம். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று தமிழ்ப் பாடசாலையில் முதலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். அதே கேள்வியைப் பைதன் மொழியில் கேட்டால் ஐந்து என்று பதில் வரும். யூனிகோட் முறையில் மகரம் ஒன்று, அதன் மேலுள்ள விசிறி ஒன்று, ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணப்படுவதால் வரும் கூத்து இது. சொல்விளையாட்டு ஒன்றை எழுதிப் பார்த்த எவருக்கும் இது தெரியும். பெயர்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னாலும் இதே கதைதான். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்ததாக, பகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. எமது நெடுங்கணக்கில் அது கடைசி மெய். இதை அறிந்து நிரல் எழுதாவிட்டால் தமிழ்ப் பாடசாலையின் வரவுப் பட்டியல் எந்த அரிச்சுவடிக்கும் பொருந்தாத வரிசையில் வரும். தீர்வுகள் உண்டு, பலர் செய்தும் இருக்கிறார்கள். ஆனாலும் புதிதாக ஒரு மென்பொருள் வரும்போதெல்லாம் அதே பிழை திரும்ப வருகிறது, ஏனென்றால் அதை எழுதியவர் இந்தச் சிக்கலை ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் பெயர்கள்.

ஊரிலே கந்தையாவுக்கு மூன்று ஆண்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். கந்தையா செல்வராசா, கந்தையா தவராசா, கந்தையா யோகராசா. தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். இதில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லவே இல்லை. மூவரும் மூன்று நாட்டுக்குப் போனார்கள். யேர்மனியில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் ஆக்கினார்கள், மூத்தவரின் குடும்பம் செல்வராசா குடும்பம் ஆயிற்று. பிரான்சில் இருந்தவர் அதே கணக்கில் தவராசா குடும்பம். கனடாவில் பதிந்தவர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டதால் கடைசித் தம்பி மட்டும் கந்தையா. ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். பிறகு தாயைக் கூப்பிட, தம்பியைப் பொறுப்பெடுக்க, காணியைப் பிரிக்க என்று ஒவ்வொரு தடவையும் இவர்கள் சகோதரர்கள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்ப வேண்டியிருந்தது. மனைவியின் பெயரோடு அவருடைய தகப்பன் பெயர். வைத்தியசாலையில் பிள்ளையைப் பார்க்கப் போன தாயிடம் "நீங்கள் யார்?" என்று கேட்ட கதை எத்தனை வீட்டில் இருக்கிறது. வேலையிடத்தில் ஒருவரை வருடக்கணக்காகத் தகப்பன் பெயரால் கூப்பிடுகிறார்கள். அவரும் இறந்துபோன தகப்பனின் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

இதை நாம் எங்கள் தலைவிதி என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் இது பாதி மென்பொருள் வடிவமைப்புச் சிக்கல். படிவத்தில் இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம் என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பயனர் விவரங்களை வைத்திருக்க எல்டாப் என்ற அடைவு முறையைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன. அதன் விதிப்படி ஒரு மனிதரைப் பதிய வேண்டுமானால் குடும்பப் பெயர் என்ற புலத்தில் ஏதாவது இருந்தே ஆகவேண்டும். குடும்பப் பெயரே இல்லாத மனிதர் அந்த விதிக்குள் இல்லை. இந்த விதியின் மேல் இயங்கும் திறந்த மூல மென்பொருள்களை எழுதுபவர்கள் ஃபொஸ்டெமில் அடையாள முகாமை பற்றி ஓர் அறையில் கூடுகிறார்கள். எங்கள் வீட்டுச் சத்தியக் கடதாசிகளின் ஊற்றில் ஒரு துளி அந்த அறையில் இருக்கிறது. அங்கே போய் இருபது நிமிடம் கந்தையாவின் மூன்று பிள்ளைகளின் கதையை, எந்தப் புலம் எப்படி உடைகிறது என்ற விவரத்தோடு சொல்ல எங்களைத் தவிர வேறு யார் போவார்கள்? ஜாவாக்காரரும் ஐஸ்லாந்துக்காரரும் எதியோப்பியரும் தங்கள் பங்கைச் சொல்லலாம், அவர்களுக்கும் இந்தப் பெட்டி பொருந்துவதில்லை. எங்கள் பங்கு எங்களுடையது.

மூன்றாவது சிக்கல் இனிமேல் பெரிதாகப் போவது. வயதான பெற்றோரின் பேச்சை இயந்திரம் கேட்டு எழுதும், மொழிபெயர்க்கும் காலம் வந்துவிட்டது. முதியோர் இல்லங்களிலும் வைத்தியரின் அறையிலும் அது மெல்ல நுழைகிறது. இத்தகைய இயந்திரங்கள் எவருடைய பேச்சைக் கேட்டுப் பழகினவோ அவருடைய பேச்சைத்தான் நன்றாக விளங்கிக்கொள்ளும். மொஸில்லாவின் கொமன் வொய்ஸ் திட்டத்தில் தமிழுக்கும் இடம் உண்டு, எவரும் குரல் கொடுக்கலாம். எமது அம்மம்மா ஒருவரின் பேச்சை ஒரு கருவிக்குக் கொடுத்துப் பார்த்தோம். "நெஞ்சுக்கை நோகுது, கொஞ்சம் கதைக்கேலாமல் கிடக்கு" என்று அவர் சொன்னதை அது ஏதோ கதைப் புத்தகம் பற்றிய வசனமாக எழுதிக் காட்டியது. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அது வைத்தியசாலையில் நடந்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம்.

சரி, சொல்ல இவ்வளவு இருந்தும் ஏன் எமது பிள்ளைகள் எழுதிப் போடுவதில்லை? நேரமில்லை என்பார்கள், அது எல்லோருக்கும் பொது. "வேலையைப் பார், ஊர்த் துழாவாரம் எதற்கு" என்று பெற்றோர் சொல்வது இன்னொன்று. அதிலும் உண்மை உண்டு. ஆனால் அடியில் வேறொன்று கிடக்கிறது என்றே எமக்குப் படுகிறது.

எமது சமூகத்துக்கு விண்ணப்பம் என்ற சொல் ஒரு குறிப்பிட்ட வகையில் அறிமுகமானது. முதல் விண்ணப்பம் அகதி விண்ணப்பம். "கேஸ் எழுதுவது" என்று அதற்குப் பெயர். எழுதிக் கொடுப்பதற்கென்றே ஒருவர் இருந்தார், அவருக்குக் காசு கொடுத்தோம். எழுதியதை மனப்பாடம் செய்தோம். விசாரணையில் ஒரு திகதி மாறினால் போதும், முழுவதும் பொய் என்று கடிதம் வரும். பட்ட உண்மையையே பட்டதுபோல் சொல்ல முடியாமல், நம்பக்கூடிய வடிவில் வெட்டி ஒட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மேன்முறையீடு, வதிவிட அனுமதி, குடும்ப இணைவு, குடியுரிமை. ஒவ்வொன்றிலும் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எமது சொல்லை நிறுத்துப் பார்த்தார். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் இதைப் படவில்லைதான். ஆனால் பழுப்பு உறை தபாற்பெட்டியில் விழுந்த நாளில் வீடு எப்படி அமைதியாகும் என்பதைக் கண்டு வளர்ந்தவர்கள். எட்டு வயதில் தாய்க்கு மொழிபெயர்க்க அலுவலகத்துக்குப் போனவர்கள் பலர். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல், கூட ஒன்றும் சொல்லாதே" என்பதுதான் அவர்களுக்குப் படிவம் பற்றிக் கிடைத்த முதற் பாடம். அப்படி வளர்ந்த ஒருவர், "உங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதுங்கள்" என்ற பெட்டியின் முன்னால் அரை மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு மடிக்கணினியை மூடிவிடுவதில் ஆச்சரியம் இல்லை. பெண்பிள்ளைகள் இன்னும் வேகமாக மூடுகிறார்கள். "என்னைவிடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்" என்பார்கள். இருப்பார்கள்தான், ஆனால் அவர்களும் எழுதிப் போடவில்லை.

உரை முன்மொழிவு வேறு இனத்தைச் சேர்ந்த தாள் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் பட்டம் கேட்பதில்லை. சான்றிதழ் கேட்பதில்லை. எந்த நிறுவனத்தில் வேலை என்பதும் கட்டாயமில்லை. ஒரு தலைப்பு, ஒரு சுருக்கம், கொஞ்சம் விவரம், பேசுபவர் பற்றி இரண்டு வரி. மின்னல் உரை என்றால் பதினைந்து நிமிடம், அறைகளில் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து நிமிடம். வாசிப்பவர் குறை தேடி வாசிப்பதில்லை. தன் அறையை நல்ல உரைகளால் நிரப்ப வேண்டுமே என்ற கவலையோடு, வேலை முடிந்து வந்து இரவில், வரிசையாகப் பல முன்மொழிவுகளை வாசிக்கும் தொண்டர் அவர். அவருக்குத் தெரிய வேண்டியது, இந்த உரை யாருக்கு, என்ன சிக்கல், கேட்டுவிட்டுப் போகிறவர் எதைத் தெரிந்துகொண்டு போவார் என்பது மட்டுந்தான். ஆங்கிலம் பிசகுமே என்ற பயமும் தேவையில்லை. பிரெஞ்சுக்காரரும் செக் நாட்டவரும் இத்தாலியரும் தங்கள் தங்கள் ஆங்கிலத்தில் பேசும் இடம் அது. சில மாநாடுகளில் முதற் சுற்றில் பெயரை மறைத்தே வாசிக்கிறார்கள். எமது நீண்ட பெயர்களுக்கு அதுவும் ஒரு நிம்மதி.

சென்ற ஆண்டு எம்மில் நான்கைந்து பேர் ஒரு குசினி மேசையில் உட்கார்ந்து முதல் முன்மொழிவை எழுதினோம். அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது, ஏனென்றால் அது தோற்றுப்போனது. முதல் வசனமே தமிழ் உலகின் தொன்மையான மொழிகளில் ஒன்று என்று தொடங்கியது. இரண்டாம் வசனத்தில் எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்று வந்தது. மூன்றாம் பந்தியில்தான் கணினி வந்தது. எந்த மேடை கிடைத்தாலும் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கும் பழக்கம் எழுத்திலும் வந்துவிட்டது. அந்த மாநாட்டின் பெயர் இங்கே வேண்டாம், அவர்கள் மரியாதையாகவே மறுத்து எழுதினார்கள். இடங்கள் குறைவு, இம்முறை தெரிவாகவில்லை, அடுத்த முறையும் அனுப்புங்கள் என்று இருந்தது. அந்தக் கடிதம் வந்த அன்று எம்மில் ஒருவர், இலங்கையில் இருந்து வந்து இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு மூன்றாந் தரம் அனுமதி பெற்றவர், அதைத் திருப்பித் திருப்பி வாசித்தார். "இதிலை என்ரை பிழை எண்டு ஒண்டும் எழுதேல்லையே" என்றார். கேஸ் மறுக்கப்பட்ட கடிதங்களில் பத்துப் பக்கத்துக்குப் பிழை எழுதியிருக்கும். இங்கே மறுப்பு என்றால் நாற்காலி போதவில்லை என்று மட்டுந்தான் அர்த்தம். அதே உரையைத் திருத்தி வேறோர் அறைக்கு அனுப்பலாம், ஒரே ஆண்டில் இரண்டு அறைகளுக்கு இரண்டு உரையும் அனுப்பலாம். பெயர் தெரிந்த பேச்சாளர்களுக்கும் மறுப்பு வருவது வழமை.

மறைக்கக்கூடாத சங்கடங்களும் உண்டு. ஃபொஸ்டெமில் உரைகள் நேரலையில் போகின்றன, பதிவு செய்யப்பட்டு இணையத்தில் எவரும் பகிரக்கூடிய உரிமத்தோடு வைக்கப்படுகின்றன. முகமும் குரலும் என்றென்றைக்கும் அங்கே இருக்கும். ஊரில் தாய் தகப்பனோ சகோதரமோ இருக்கும் ஒருவர், பேசும் பொருள் என்ன, சொல்லும் உதாரணம் யாருடையது என்று யோசித்தே பேச வேண்டும். அகரவரிசை பற்றிப் பேசுவது வேறு, காணாமல் ஆக்கப்பட்டோரின் பதிவுகளைப் பேணும் தரவுத்தளம் பற்றிப் பேசுவது வேறு. இரண்டாவதும் பேசப்பட வேண்டியதுதான், ஆனால் அதில் யாருடைய பெயர் வெளியில் வருகிறது என்பதைப் பேசுபவர் தனியே முடிவெடுக்க முடியாது. திறந்த மூல உலகில் புனைபெயரில் இயங்குவது சாதாரணம், அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. இன்னமும் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லை தாண்டிப் போக முடியாது. அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்கள் தங்கள் நாட்டு ஆவணத்துக்குப் பெல்ஜியத்தில் விசா வேண்டுமா என்று பார்த்துவிட்டே ரயில் சீட்டு எடுக்க வேண்டும். போக முடியாதவர்கள் வீட்டில் இருந்து நேரலையில் எல்லா அறைகளையும் பார்க்கலாம், அதற்கும் பெயர் பதிய வேண்டியதில்லை.

செலவும் ஒரு சங்கதி. நுழைவு இலவசம் என்றாலும் ரயிலும் விடுதியும் இலவசம் இல்லை. அந்தக் கிழமை முடிவில் பிரஸ்ஸல்ஸ் விடுதிகளின் விலை ஏறிவிடும். அன்ட்வேர்ப்பனிலோ லீயேஜிலோ உறவினர் இருந்தால் அங்கே தங்கி ரயிலில் போய் வரலாம், எம்மவருக்கு உறவினர் இல்லாத நகரம் ஐரோப்பாவில் ஏது. பயணச் செலவுக்கு உதவி தரும் மாநாடுகளும் இருக்கின்றன. டெபியன் லினக்ஸ்காரர் ஆண்டுதோறும் வேறு வேறு நாட்டில் நடத்தும் டெப்கொன்ஃப் மாநாட்டில் பயணம், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றுக்கு உதவி கேட்டு எழுதலாம். 2023 இல் அது கேரளத்துக் கொச்சியில் நடந்தது, 2025 இல் பிரான்சின் பிரெஸ்ட் நகரில். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு 1999 இல் மெல்பேர்ணில் முளைத்த லினக்ஸ் மாநாட்டின் வழிவந்த எவ்ரிதிங் ஓப்பன் இருக்கிறது. ஊர்விழாக்களுக்கு மண்டபம் எடுக்கவும் நட்சத்திரம் கூப்பிடவும் காசு சேர்க்கும் எமது சங்கங்கள், ஒரு பிள்ளையின் ரயில் சீட்டுக்கும் இரண்டு இரவுத் தங்கலுக்கும் உதவினால் கெட்டுப்போகாது. கடைசியாகப் பார்த்த ஆண்டுவிழாவின் ஒலிபெருக்கி வாடகை அதைவிடக் கூட.

இம்முறை மறுபடியும் குசினி மேசையில் கூடினோம். எழுதுபவர் இருபத்தாறு வயதுப் பிள்ளை, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பயனர் அடையாள மென்பொருளைப் பராமரிப்பவர். அவருடைய அடையாள அட்டையில் குடும்பப் பெயராக இருப்பது அவருடைய தாத்தாவின் பெயர், தாயினதில் இருப்பது வேறு தாத்தாவின் பெயர். தலைப்பு: "ஒரு தகப்பன், மூன்று பிள்ளைகள், மூன்று குடும்பப் பெயர்கள்: பெயர்ப் பெட்டி உடையும் இடங்கள்". சுருக்கத்தின் முதல் வசனத்திலேயே சிக்கல் வந்துவிடுகிறது. கட்டாயக் குடும்பப் பெயர்ப் புலத்தால் ஒரே ஆள் இரண்டு கணக்காகப் பதியப்படுவது எப்படி, அதைப் பிறகு சேர்க்க என்ன பாடு, புதிதாக ஒரு மென்பொருள் எழுதுபவர் முதல் நாளே எதைச் செய்தால் இது வராது என்று மூன்று பகுதி. தொன்மை பற்றி ஒரு வரியும் இல்லை. மேசையில் இருந்த ஒரு பெரியவருக்கு அது கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

படிவத்தை நிரப்பத் தொடங்கினோம். ஃபொஸ்டெம் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பிரிடோல்க்ஸ் என்ற மென்பொருளும் திறந்த மூலம்தான். பெயர் கேட்கும் இடத்தில் முதற் பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்காமல், நீங்கள் எப்படி அறியப்பட விரும்புகிறீர்களோ அப்படி எழுதுங்கள் என்று ஒரே ஒரு பெட்டி. பிள்ளை விரலை எடுத்துவிட்டுத் திரும்பி, "அம்மா, தாத்தாவின்ரை பெயரை முன்னுக்குப் போடவா, பின்னுக்குப் போடவா?" என்று கேட்டார். தாய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். இரண்டு பெட்டி இல்லையா என்று ஒருமுறை, கீழே இழுத்துப் பார்க்கச் சொல்லி இன்னொருமுறை கேட்டார். பிறகு, "உன்ரை பெயரைப் போடு" என்றார்.

எந்த அறைக்கு அனுப்புவது என்பதில் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை. முடிவுத் திகதிக்கு எட்டு நாள் இருக்கிறது.